பிடித்த கரியை எங்கே வைப்பது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எரியும் விளக்குகளுக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியிலிருந்து வருகிறது. வெளிச்சம் இங்கே, பழுப்பு நிலக்கரிப் புகை அங்கே. ஆனால் கரியமில வாயுவுக்கு மாவட்ட எல்லை கிடையாது. கடலை ஒட்டி வாழும் ஊருக்கு அந்தப் புகை அயலார் விவகாரமும் அல்ல.

அந்த வாயுவைக் கொதிகலனிலிருந்து வெளியேறும் இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று காட்டியது தூத்துக்குடி. அங்குள்ள அல்காலி கெமிக்கல்ஸ் ஆலை 2016 முதல் தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, சோடா ஆஷ் தயாரிக்கத் திட்டமிட்டது. ஆலைக்கு அரசு மானியம் இல்லை. நுட்பத்தை உருவாக்கிய இரண்டு இந்திய இளைஞர்களுக்கோ இந்தியாவில் முதலீடு அமையவில்லை. கைகொடுத்தது பிரிட்டிஷ் அரசின் நிதி. நம் அரசு தவறவிட்ட வாய்ப்பு அது.

ஆலைக்குக் கரியமில வாயு மூலப்பொருளாகத் தேவைப்பட்டது. அதனால்தான் கணக்கு கட்டுப்படியானது. ஆனால் சோடா ஆஷைக் கண்ணாடி உலையில் இட்டால் அந்த வாயு மீண்டும் காற்றில் கலந்துவிடும். பிடித்தது உண்மை, வைத்தது உண்மையல்ல.

மண்ணுக்குள் புதைக்கும் வாயுவை விலைகொடுத்து வாங்க ஆள் இல்லை. அரசின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. நார்வே 1991இல் கரிம வரி விதித்தது. 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் பிரித்த கரியமில வாயு கடலடி மணற்பாறைக்குள் போகிறது. வெளியே விட்டால் வரி என்பதால் புதைப்பதே நிறுவனத்துக்கு லாபமாயிற்று. அமெரிக்காவின் டெக்சஸில் நடந்தது வேறு. நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து வாயுவைப் பிடிக்கும் பெட்ரா நோவா திட்டத்துக்கு அரசு 19 கோடி டாலர் தந்தது. பிடித்த வாயு, பழைய கிணற்றில் எஞ்சிய எண்ணெயை வெளியே தள்ளப் பயன்பட்டது. 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஆலை நின்றது. மறுபடி ஓடியது 2023இல்தான். பொதுப்பணம் எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் சிக்கியது. கட்டடத்துக்குப் பணம் தருவதைவிட, நிலத்தடியில் தங்கிய ஒவ்வொரு டன்னுக்கும் அளந்து தருவதே முறை.

யாருக்குத் தருவது? நிலக்கரி மின்சாரத்துக்குச் சூரிய ஒளியும் காற்றும் மாற்றாக வளர்கின்றன. சிமெண்டின் கதை அப்படியல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே வாயுவை விடுகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலையை அரியலூரில் அமைப்பதாக டால்மியா சிமெண்ட் 2019இல் அறிவித்தது. முதல் உதவி இத்தகைய ஆலைகளுக்கே போக வேண்டும்.

புதைக்கும் இடம் தேடினால் பார்வை காவிரிப் படுகையின் பழைய எண்ணெய்க் கிணறுகள் மீது விழும். அங்கே எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் காரைக்காலில் இருந்து இயங்குகிறது. அதே படுகையிலுள்ள நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டது. அந்த மக்களிடம் போகும்போது, கிணற்றின் அழுத்தக் கணக்கையும், ஐம்பது ஆண்டு கழித்துக் கசிந்தால் பொறுப்பு அரசுடையதா நிறுவனத்துடையதா என்பதையும் தமிழில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் முதல் குழாயை இறக்க வேண்டும்.