மீதி 29 மீட்டர்

2020 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ராவில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் உடனே மறுத்தது: தாது 52,806 டன், டன்னுக்குச் சராசரி 3.03 கிராம், ஆக மொத்தத் தங்கம் சுமார் 160 கிலோ. பத்திரிகைகள் அவசரப்பட்டுவிட்டன என்று பேசி அடங்கிவிட்டார்கள். முறைப்படி வெளியாகும் துளையிடல் முடிவை அப்படியே நம்பலாம் என்ற வாதத்துக்கு இன்றும் இதைத்தான் சான்று காட்டுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல.

முறை திருந்தியிருக்கிறது, மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் புசாங்கில் கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம் எடுத்த மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டது 1997இல் அம்பலமானது. பிறகு கனடா விதிகளை இறுக்கியது. தகுதிபெற்ற நிலவியலாளர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வகத்தையும் சோதிக்க வேண்டும். நல்லது.

ஆனால் சராசரியில் ஒளியும் சிக்கல் தீரவில்லை. '30 மீட்டருக்கு டன்னுக்கு 4 கிராம்' என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 120. அதில் ஒரே ஒரு மீட்டரில் டன்னுக்கு 91 கிராம் இருந்தால், மீதி 29 மீட்டருக்கும் சேர்த்து எஞ்சுவது 29தான். அதாவது டன்னுக்கு ஒரு கிராம். மேற்பரப்பை ஒட்டிப் பெரிய அளவில் வெட்டினால் ஒரு கிராம்கூடக் கட்டுப்படியாகலாம். 300 மீட்டர் ஆழத்தில் பெரும்பாலும் கட்டாது. கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோது அடியில் தங்கம் தீர்ந்துபோயிருக்கவில்லை. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியிருந்தது.

அந்த 91ஐயாவது நம்பலாமா? துளையிலிருந்து வரும் பாறை உருளையை நெடுக்குவாட்டில் ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகிறது, மறு பாதி பெட்டியில் கிடக்கிறது. வெள்ளைப் படிகக்கல்லில் கடுகளவு தங்கம் ரம்பத்துக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்து எண்ணே மாறிவிடும். துளை தாது நரம்பை 30 பாகைச் சாய்வில் வெட்டியிருந்தால், அந்த 30 மீட்டரின் உண்மைத் தடிமனும் 15 மீட்டர்தான்.

'ஒரு மீட்டர் 91 கிராம் உட்பட என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறோமே' என்பார்கள் நிறுவனத்தார். போடுகிறார்கள்தான். அந்த வரியும் பெருமையாகத்தான் ஒலிக்கிறது. முதலீட்டாளர் கண்ணில் இரண்டு பெரிய எண்கள் படுகின்றன. முதல் எண்ணே இரண்டாவதன் தயவில் நிற்கிறது என்பது படுவதில்லை. கழித்துப் பார்க்கும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுவதை நான் வெளிப்படைத்தன்மை என்று ஒப்பமாட்டேன், அது விளம்பரம். சராசரி போட்ட அதே வரியில், அதே எழுத்தளவில், 'மீதி 29 மீட்டருக்கு டன்னுக்கு 1 கிராம்' என்றும் அச்சிடட்டும்.