முத்தைப் பாடினோம், மூச்சை மறந்தோம்

கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது தமிழில் இன்று தனியோர் எழுத்து வகையாகவே வளர்ந்து வருகிறது. முதுகில் ஒரு பையுடன் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கோ, இலட்சத்தீவுக்கோ, மாலத்தீவுக்கோ புறப்படுகிறார்கள். காற்றுக்கலம் சுமந்து ‘ஸ்கூபா’ முறையில் மூழ்குகிறார்கள். திரும்பியதும் கட்டுரை வரைகிறார்கள். அவர்களுள் நம் சமுதாய இளைஞர்களும் உளர். படைப்பைக் கண்டு சிந்திக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே இவ்வெழுத்தை வரவேற்பது நம் முதற்கடமை. மதிப்பிடுவது அடுத்த கடமை.

இக்கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். எல்லாமே ஒரே வார்ப்பு. கடலாமை வரும், திருக்கை வரும், பவளப்பாறையின் வண்ணங்கள் வரும், இறுதியில் எழுதியவரின் வியப்பு வரும். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். இலட்சத்தீவைப் பற்றி எழுதுவோர்க்கு மீன்களின் பெயர்கள் தெரிகின்றன. தூண்டிலால் சூரை பிடித்து மாசி உலர்த்திப் பிழைக்கும் அத்தீவு முஸ்லிம்களைப் பற்றியோ, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிந்ததைப் பற்றியோ ஒரு பத்தியேனும் காண்பது அரிதாயிருக்கிறது.

இவ்வார்ப்பின் மூலத்தைத் தேடினால் பிரெஞ்சுக்காரரான ஜாக் கூஸ்தோவிடம் போய்ச் சேர்வோம். 1943இல் எமில் கன்யான் என்னும் பொறியியலாளருடன் இணைந்து நீர்மூழ்குவோர்க்கான மூச்சுக்கருவியை உருவாக்கியவர் அவர். அவருடைய ‘மௌன உலகம்’ என்ற திரைப்படம் 1956இல் கான் விழாவின் தலைசிறந்த பரிசைப் பெற்றது. கடலடியின் அழகை உலகுக்குக் காட்டிய அதே படத்தில், மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடிவைக்கும் காட்சியும், சுறாக்களை மரக்கலத்தில் ஏற்றி அடித்துக் கொல்லும் காட்சியும் உள்ளன. பிற்காலத்தில் அவரே கடற்பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார் என்பதையும் சொல்வதே நேர்மை.

அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்றொரு செய்தி நம் மேடைகளிலும் சிறுநூல்களிலும் நெடுங்காலம் உலவிற்று. அதற்கு ஆதாரம் இல்லை. 1997இல் அவர் மறைந்தபோது இறுதித் திருப்பலி பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் நிகழ்ந்தது. வந்த செய்தியை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பது அல் ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் பாடம். அவர் நம்மவரா என்று கேட்பதில் காட்டிய ஆர்வத்தை, அவர் பாறைக்குச் செய்தது நியாயமா என்று கேட்பதில் நம் எழுத்தாளர்கள் காட்டவில்லை.

அவ்வாறு கேட்பதற்கு உரிய அளவுகோல் நம் அரபு இலக்கியத்திலேயே இருக்கிறது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா குழுவினரின் நிருபங்களுள் ஒன்று, விலங்குகள் தொடுத்த வழக்கைக் கதையாகச் சொல்கிறது. 1810இல் மௌலவி இக்ராம் அலியின் உருதுப் பெயர்ப்பாகக் கல்கத்தாவில் வெளிவந்து, இந்திய முஸ்லிம்களிடையே பரவிய நூல் அது. புயலில் சிக்கிய கப்பலொன்று நடுக்கடல் தீவில் ஒதுங்குகிறது. இறங்கிய மனிதர்கள் அங்குள்ள விலங்குகளை அடிமைப்படுத்த முனைகிறார்கள். விலங்குகள் ஜின்களின் மன்னனிடம் முறையிடுகின்றன. நீர்வாழ் உயிர்களின் சார்பில் அவைக்கு வருவது ஒரு தவளை! மறுமை வாழ்வு தங்களுக்கு உண்டு என்பதை மனிதர்கள் இறுதி வாதமாக வைக்கும்போது, மறுமை உண்டெனில் தண்டனையும் உண்டன்றோ என்ற எதிர்வாதம் எழுகிறது. தீவில் கால் வைக்கும் மனிதன் வழக்கில் ஒரு கட்சிக்காரன் என்பதே அந்நூலின் நோக்கு. அவனை வெறும் பார்வையாளனாக அது விட்டுவிடவில்லை. இன்றைய தீவுக் கட்டுரைகளில் நாம் தேடியும் காணாதது இந்நோக்கே.

இனி, நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் கருவியேதுமின்றி, கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சில் இறங்கிய முத்துக்குளிப்போரில் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், வளைகுடா நாட்டு அரபிகளும் இருந்தனர். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரிக்கும் ‘கடல்கட்டி’யை அரசே அமர்த்தியிருந்தது என்றால் அவர்களுடைய அச்சத்தை அளந்துகொள்ளலாம். இலங்கைப் பகுதியில் அவர்கள் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குச் சென்றது. முத்தை உவமையாக்காத தமிழ்ப்புலவர் அரியர். முத்தெடுத்தவனின் மூச்சை எழுதியவரோ அரியரினும் அரியர்.

1906இல் மன்னார்ப் பகுதியில் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட்ட ஆங்கில அலுவலர் லெனர்டு வுல்ஃப், 1921இல் வெளியிட்ட ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற கதையில், இறந்த அரபு முக்குளிப்பவர் ஒருவரின் உடல் கரைசேரும் காட்சியை எழுதினார். தலைப்பைக் கண்டு நம் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா. அது பைபிள் உவமை. உடலைச் சூழ்ந்து நிற்கும் அரபிகளின் கண்ணியத்தை உள்ளவாறு எழுதியது வுல்ஃபின் சிறப்பு. ஆயினும் கீழ்நாட்டை ஆள்வது பற்றி வாய்வீச்சு வீசிய தம் நாட்டாரைச் சாடுவதே அவர் நோக்கம். முக்குளிப்பவரின் வாழ்வு அவர் பொருளன்று. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

எழுதுவது எளிதன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 2001இல் கடல் அட்டை எடுப்பது தடை செய்யப்பட்டது. அட்டைக்கும் பவளத்துக்கும் அது அரண். அவற்றை நம்பி மூழ்கியோர்க்கோ பிழைப்பின் முடிவு. இன்றும் இராமநாதபுரக் கரையில் சங்கு குளிப்போர் உளர். ஆழத்திலிருந்து விரைந்து ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிக் கைகால்களை முடக்கிவிடும். சுற்றுலாப் பயணிக்கு அருகிலேயே பயிற்சியாளர் இருப்பார். சங்கு குளிப்பவருக்குப் பெரும்பாலும் படகில் நிற்கும் தோழரே துணை. ஆமைக்காகப் பேசுவதா, இவருக்காகப் பேசுவதா? அல் அன்ஆம் அத்தியாயம் உயிரினங்களையும் நம்மையொத்த சமுதாயங்களாகக் காட்டுகிறது. உழைப்பவனின் உரிமையையும் நம் மார்க்கம் கைவிடவில்லை. இருவரையும் ஒரே அவையில் நிறுத்திப் பேசவைப்பதே நல்லிலக்கியம்.

நாம் வாழும் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கடல் தொலைவு. எனினும் இக்குறை நமக்குப் புதிதன்று. பட்டின் சரிகையைப் புகழ வருவோர் பலர். தறிக்குழியில் காலை இறக்கி நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் முதுகுவலியைக் கேட்போர் சிலர். பரதவர் வாழ்வுக்கு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் கிடைத்தது. கடலடியைக் கண்டு திரும்பும் நம் இளைஞர்கள் அடுத்த முறை கீழக்கரையில் இறங்கட்டும்; சங்கு குளித்த முதியவர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டு எழுதட்டும். அத்தகைய நூல் வருமாயின் முதல் மதிப்புரை எழுத நாம் காத்திருக்கிறோம்.