படத்தைத் திருத்தலாம்; கல்லைத் திருத்தலாமா?

பழைய கற்கட்டடம் ஒன்றைப் படம் பிடிப்பவனுக்கு இரண்டு கடன்கள் உண்டு. தன் கலைக்குச் செலுத்த வேண்டியது ஒன்று. அக்கட்டடத்தை எழுப்பியோருக்கும் இன்று அதன் நிழலில் உழைப்போருக்கும் செலுத்த வேண்டியது மற்றொன்று. முதற் கடன் இந்நாளில் எளிதில் தீர்ந்துவிடுகிறது. கைப்பேசியின் மீது விரலை ஓட்டினால் மங்கிய வானம் நீலமாகும்; சாய்ந்த சுவர் நிமிரும்; வேண்டாத மனிதர் மறைவர். இரண்டாவது கடனை நினைப்பவர்தாம் அரியர்.

சில மாதங்களுக்கு முன், விழா மலர் ஒன்றின் பக்கங்கள் பிழை திருத்துவதற்காக என் கைக்கு வந்தன. முகப்பில் கோலசிலாங்கூர் புக்கிட் மலாவத்திக் குன்றின் கோட்டைச் சுவர் அச்சிடப்பட்டிருந்தது. 1784ல் டச்சுக்காரர் அக்கோட்டையைக் கைப்பற்றித் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுக்கொண்டார். 1907ல் அங்கு எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் அந்த டச்சுப் பெயரையே தாங்கி நிற்கிறது. சுங்கை செம்பிலாங்கில் இருக்கும் எமக்கு அக்குன்று தொலைவன்று. பலமுறை ஏறி இறங்கிய இடம். ஆனால் மலரில் கண்ட சுவரை நான் அங்கு என்றும் கண்டதில்லை. பாசி இல்லை, வெடிப்பு இல்லை, பீரங்கியில் துருவும் இல்லை. படத்தை எடுத்த இளைஞரிடம் மூலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுவரடியில் இரு தொழிலாளர் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தனர். திருத்திய படத்தில் அவ்விருவரும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தை இயந்திரம் தானே கற்களைக் கற்பித்து நிரப்பியிருந்தது. உற்றுப் பார்த்தால் ஒரே மூன்று கற்கள் அடுத்தடுத்து நான்கு முறை வந்திருந்தன!

“அழகு கூடியிருக்கிறதல்லவா, ஐயா?” என்று கேட்டார் அவர். அழகு கூடியது மெய்தான். ஆனால் கூடிய அழகிற்கு யார் விலை கொடுத்தார் என்பதே நம் கேள்வி.

இத்திருத்தம் இன்று தோன்றியதன்று. காப்டன் லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைவீரர் 1855ல் பர்மாவிலும், 1856ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற பின் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களிலும் படமெடுத்தார். மெழுகு தோய்த்த காகிதமே அவருடைய மறிபடம். அக்காலத்து ரசாயனம் நீல ஒளியையே பெரிதும் உணரும். பச்சையை உணர்வது மிகக் குறைவு. ஆகவே வானம் வெறுமையாய்ப் போகும். மரங்கள் கரிய திரளாய்த் தெரியும். காற்று வீசினால் இலைகள் கலங்கிவிடும். டிரைப் தூரிகையை எடுத்து மறிபடத்தின் மீதே மேகங்களையும் இலைகளையும் தீட்டினார். வண்ணம் படிந்த இடத்தில் ஒளி ஊடுருவாதாகையால் அச்சில் அவ்விடம் வெளுத்து மேகமாய்த் தோன்றும்.

இதை நாம் எப்படி மதிப்பது? இலை மரத்தில் இருந்தது. ரசாயனம்தான் அதைக் காணத் தவறியது. அதைத் தீட்டியது கருவியின் குறையைக் கை தீர்த்ததாகும். மேகமோ அன்று வானத்தில் இருந்ததோ இல்லையோ! அது அழகுக்காகச் சேர்த்தது. முன்னதைப் போற்றலாம், பின்னதைப் பொறுக்கலாம். இரண்டையும் ஒன்றென்று சொல்லுதல் தகாது.

அவருடைய செயல்களுள் தலையாயது வேறொன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டுகளை 1858ல் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் வேடிக்கை காட்டும் வானமில்லை. கல்லும் எழுத்துமே உண்டு. அக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1891 முதல் அச்சில் வெளியிட்டார். ராஜராஜன் பிற கோயில்களினின்றும் கொணர்ந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்தவர் என்பதும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்னும் கணக்கும் அவற்றில் காணப்படுகின்றன. விமானத்தின் உயரத்தைப் பாடுவோர் பலர். அந்நானூறு பெண்களை நினைப்பவர் எத்தனை பேர்? சிதைந்த எழுத்தை அழகுபடுத்த வேண்டுமென்று ஒருவன் தன் ஊகத்தால் நிரப்பியிருந்தால், ஒரு பெண்ணின் பெயரே மாறிப்போயிருக்கும்; பொய்ப்பெயர் மெய்ப்பெயராகியிருக்கும்.

“ஓவியன் மரத்தை இடம் மாற்றி வரைகிறான், அவனைக் குறை கூறாத நீர் படமெடுப்பவனை மட்டும் ஏன் குறை கூறுகிறீர்?” என்று சிலர் வினவுவர். ஓவியன் ‘நான் இப்படிக் கண்டேன்’ என்கிறான். புகைப்படமோ ‘இஃது இப்படி இருந்தது’ என்று சாட்சி சொல்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறியவன் கவிஞனுக்குரிய சலுகையைக் கேட்கலாகாது. பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பது குறித்து 1964ல் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள், ஊகம் தொடங்குமிடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என்று விதி வகுத்தனர். கட்டடத்திற்குப் பொருந்தும் விதி அதன் படத்திற்கும் பொருந்தும்.

அதனால் படத்தைத் தொடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தை அண்ணாந்து எடுத்தால் அது பின்னே சாய்வது போல் தோன்றும், அதை நிமிர்த்தலாம். ஆனால் அளவு மிஞ்சி நிமிர்த்தினால் முடி விரிந்து தலைகனத்துவிடும். நிழலில் மறைந்த சிற்பத்தை வெளிக்கொணரலாம். வெயிலில் வெளுத்த கல்லின் நிறத்தைத் தணிக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய தூசியைத் துடைக்கலாம். கல்வெட்டை எடுப்பவர் காலையிலோ மாலையிலோ சாய்வெயில் பக்கவாட்டில் படும்வரை காத்திருப்பாராயின், திருத்தத்திற்குப் பெரும்பாலும் வேலையே இராது. திருத்திய பின்னும் மூலப்படத்தை அழிக்காமல் வைக்க வேண்டும். எதையேனும் நீக்கியிருந்தால் படத்தின் கீழ் ஒரு வரி எழுத வேண்டும். சுருங்கச் சொன்னால், கருவியின் குறையைத் தீர்ப்பது திருத்தம். கட்டடத்தின் வயதையும் மனிதரையும் நீக்குவது திருட்டு.

இது கோட்டைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரிய பேச்சன்று. சிலாங்கூரின் வடபகுதியில் நம் பாட்டன் பாட்டிமார் காடழித்தனர், ரப்பர் மரம் நட்டனர், பால் வெட்டினர். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் எவரும் பொறிக்கவில்லை. தோட்டங்கள் விற்கப்படுந்தோறும் லயங்கள் இடிபடுகின்றன. பிரட்டுக் களம் புல்வெளியாகிறது. ஆயாக் கொட்டகை இருந்த சுவடும் மறைகிறது. எஞ்சுவன சில படங்களே. அவற்றையும் அழகு என்னும் பெயரால் நாமே துடைப்போமாயின், நாளை நம் பேரப்பிள்ளைகள் மனிதரே இல்லாத ஒரு தேசத்தைத்தான் காண்பார்கள். அதைக் கட்டியவர் யாரென்று கேட்கவும் அவர்களுக்குத் தோன்றாது.

மலரைத் தொகுத்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். முதலில் முகம் சுளித்தார். பின்னர் மூலப்படத்தையே எடுத்து, சற்றே சாய்ந்திருந்த சுவரை நிமிர்த்தி, நிழலை மட்டும் தெளிவாக்கிக் கொண்டுவந்தார். பாசி இருந்தது, வெடிப்பு இருந்தது, புல் வெட்டும் இருவரும் இருந்தனர். அச்சுவர் எவ்வளவு உயரம் என்பது, அவர்கள் அதனருகே நின்றதனாலேயே முதன்முறையாகத் தெரிந்தது.