கேட்கப்படாத ஒப்புதல்: ‘மெட்ராஸ் கஃபே’ திரைப்படமும் அதன் திறனாய்வு ஏற்பும்

முன்னுரை

ஒற்றர் கொணரும் செய்தியை எவ்வாறு நம்புவது என்னும் வினாவுக்குத் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ‘ஒற்றாடல்’ விடை கூறுகிறது. ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் அதனை ஏற்கலாம் என்பதே அவ்விடை. 2013 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்த ‘மெட்ராஸ் கஃபே’ என்னும் இந்தி உளவுப் படம் பெற்ற ஏற்பினை ஆராய இது தக்கதோர் அளவுகோலாகும். அப்படத்தைப் பற்றி இரு சாரார் உரக்கப் பேசினர். ஒரு சாரார் அதனைக் கலைப்படைப்பாகப் பாராட்டினர். மறு சாரார் அரசியல் அவதூறாகக் கண்டித்தனர். இரண்டையும் சோதித்தறியக்கூடிய மூன்றாவது சொல், அதாவது படத்தை முழுமையாகக் கண்டு எழுதப்பட்ட தமிழ்த் திறனாய்வு, போதிய அளவில் எழவில்லை. அதனால் நேர்ந்த இழப்பு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படத்தின் அமைப்பு

சூஜித் சர்க்கார் இயக்கிய இப்படத்தில் நாயகனாக நடித்த ஜான் ஆபிரகாம் அதன் தயாரிப்பாளர்களுள் ஒருவருமாவார். 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் முதல், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது வரையிலான நிகழ்வுகளே கதையின் அடித்தளம். எனினும் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. இயக்கம் ‘எல்.டி.எஃப்.’ ஆகிறது, அஜய் ரத்னம் ஏற்ற தலைவர் பாத்திரம் ‘அண்ணா பாஸ்கரன்’ என அழைக்கப்படுகிறது, கொல்லப்படும் தலைவருக்குப் பெயரே இல்லை. வரலாறு என்று சொன்னால் புனைவு என மறுக்கவும், புனைவு என்று சொன்னால் வரலாறு எனப் பெருமை கொள்ளவும் இவ்வேற்பாடு இடந்தருகிறது.

நாயகன் மேஜர் விக்ரம் சிங், இந்திய வெளியுளவு அமைப்பான ‘ரா’வின் பணிக்காக யாழ்ப்பாணம் அனுப்பப்படுகிறான். மாகாணத் தேர்தலை நடத்துவிப்பதற்காகப் பாஸ்கரனின் எதிரணியை ஆயுதம் கொடுத்து வலுப்படுத்துவது அவனுக்கிடப்பட்ட பணி. அது தோல்வியுறுகிறது. காட்டிக்கொடுத்தவன் பாலா என்னும் சக அதிகாரி என்பது பின்னர் தெரியவருகிறது. தன் வீட்டிற்குள்ளேயே துரோகியைக் கண்டறியும் இத்திருப்பம் உளவுக்கதை வகைமையின் பழகிய வழக்கம். கதை முழுவதையும் இமயமலையடிவார ஊரான கசௌலியின் தேவாலயம் ஒன்றில், பாதிரியார் ஒருவரிடம் விக்ரம் சொல்லும் ஒப்புதலாகப் படம் அமைத்துக்கொள்கிறது.

முதல் ஏற்பு: வகைமையின் வெற்றி

இந்திய ஆங்கில, இந்தி இதழ்களின் மதிப்புரைகளுள் பல படத்தை வரவேற்றன. பாடல்காட்சிகளின்றிக் கதை நகர்வதும், நாயகனின் வீரம் அடக்கி வாசிக்கப்படுவதும், ஆவணப்படத்தையொத்த ஒளிப்பதிவும் பாராட்டுப் பெற்றன. குறைகளாகச் சுட்டப்பட்டவையும் வகைமை சார்ந்தவையே: முற்பகுதியின் மந்தகதி, நினைவில் நில்லாத பெயர்களின் நெரிசல், நர்கிஸ் ஃபக்ரி ஏற்ற செய்தியாளர் ஆங்கிலத்தில் பேச நாயகன் இந்தியில் விடையளிக்கும் செயற்கைத்தன்மை. 61ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் களஒலிப்பதிவுக்கும் ஒலி வடிவமைப்புக்கும் இப்படம் விருது பெற்றது. ஒட்டுக்கேட்டலையே கதையின் உந்துவிசையாகக் கொண்ட படத்திற்கு அது பொருத்தமான விருது.

ஆயினும் ‘யதார்த்தம்’ எனப் பாராட்டியோர், எதனோடு ஒப்பிட்டு யதார்த்தம் என்பதை அழுத்திக் கேட்கவில்லை. கொலைக்குப் பின்னால் அந்நிய வணிக நலன்கள் இருந்ததாகப் படம் குறிப்புணர்த்துகிறது. தலைப்பிலுள்ள உணவகம் அச்சதி கூடும் இடம். 1999இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அத்தகைய நலன்களின்மீது பொறுப்பைச் சுமத்தவில்லை. பெருஞ்சதி பற்றிய வினாவை விசாரிக்க 1998இல் இந்திய அரசு தனி அமைப்பொன்றை ஏற்படுத்தியது என்பதும் உண்மையே. விடை காணப்படாத வினாவொன்றைச் சில கனவான்களின் சந்திப்புக் காட்சியால் படம் நிரப்பிவிடுகிறது. நம்பத்தகுந்த காட்சியமைப்பே சான்றாகிவிடாது என்னும் எச்சரிக்கை அம்மதிப்புரைகளில் வலுப்பெறவில்லை.

இரண்டாம் ஏற்பு: மறுப்பு

தமிழ்நாட்டில் தமிழ்த் தேசிய அமைப்புகளும் சில கட்சிகளும் படத்தை எதிர்த்தன. ஈழ விடுதலைப் போராட்டத்தைப் பயங்கரவாதமாகச் சுருக்குகிறது என்பது முதன்மைக் குற்றச்சாட்டு. அமைப்புத் தலைவர்கள் சிலர் சிறப்புக் காட்சியில் படத்தைப் பார்த்தனர்; பொதுமக்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. திரையரங்குகள் பின்வாங்கியதால் படம் தமிழ்நாட்டில் வெளியாகவில்லை. பிரித்தானியாவிலும் புலம்பெயர் தமிழரின் எதிர்ப்பையடுத்துப் பெரிய திரையரங்க நிறுவனமொன்று திரையிடலைக் கைவிட்டது.

இக்கோபத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. 2009 மே மாதம் முடிவுற்ற போரின் காயம் ஆறாதிருந்த காலம் அது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் இந்தியப் படையினரால் நோயாளரும் பணியாளரும் கொல்லப்பட்டதை நினைவில் சுமந்தோர்க்கு, அக்காலத்தை இந்திய அதிகாரியின் துயரமாக மட்டும் கூறும் கதை முழுமையற்றதாகவே தோன்றும். எனினும் காணவிடாமல் தடுத்தல் மறுப்புரையாகாது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்படம் தொடர்பான 1989ஆம் ஆண்டு வழக்கில், ஆர்ப்பாட்டம் அல்லது வன்முறை குறித்த அச்சுறுத்தலைக் காரணங்காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. தமிழ்ப்படமொன்றின் வழியே நிலைபெற்ற அந்நெறி தமிழ்நாட்டிலேயே வலுவிழந்தது. அதே 2013இல், கமல்ஹாசனின் உளவுப் படமான ‘விஸ்வரூபம்’ வேறு காரணத்திற்காகத் தமிழ்நாட்டில் தடைப்பட்டுப் பிப்ரவரி 7 அன்றே வெளிவந்ததும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மூன்றாவது சொல்

இவ்விரு ஏற்புகளும் தவறவிட்ட கூறு படத்தின் வடிவிலேயே உள்ளது. உளவுக்கதை, மனிதரைச் செய்தியாக மாற்றிக் காணும் வடிவம். ‘மெட்ராஸ் கஃபே’யில் தமிழர் பெரும்பாலும் இடைமறிக்கப்பட்ட குரல்களாகவும், நிழற்படங்களாகவும், சங்கேதச் சொற்களாகவுமே நாயகனை வந்தடைகின்றனர். ஆயுதமேந்தாத தமிழர் பிணங்களாகவும் அகதிகளாகவும் திரையைக் கடக்கின்றனர். தமக்கென ஒரு வாழ்க்கையும் பேச்சும் உடைய பாத்திரமாக அவர்களுள் எவரும் வளரவில்லை. இது கதாசிரியரின் பகைமையால் மட்டும் விளைந்ததன்று. வகைமையின் பார்வைக்கோணத்திலேயே பொதிந்துள்ள குருட்டிடம். சந்தோஷ் சிவனின் ‘தி டெரரிஸ்ட்’, மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆகியவற்றிலும் விவாதத்திற்குரியவை உண்டு. ஆனால் அவை ஒரு பெண்ணின் உள்ளத்திலிருந்தோ, ஒரு சிறுமியின் தேடலிலிருந்தோ தொடங்கியதால் அக்குருட்டிடத்திலிருந்து ஓரளவு விலகின.

இதனினும் முதன்மையானது ஒப்புதலின் முகவரி. விக்ரம் தன் அரசின் பிழையையும் தன் தோல்வியையும் ஒப்புக்கொள்கிறான். ஓர் அணிக்கு எதிராக மற்றோர் அணிக்கு ஆயுதம் அளித்ததை வணிகத் திரைப்படமொன்று வெளிப்படையாகக் காட்டியது சிறு செய்தியன்று. ஆனால் அதனைக் கேட்பவர் நிகழ்வோடு தொடர்பற்ற பாதிரியார். யாழ்ப்பாணத்தார் ஒருவரும் அங்கில்லை. ஆகவே அவ்வொப்புதல் மன்னிப்புக் கோரலாக மாறாமல் தன்னிரக்கமாக நின்றுவிடுகிறது. படத்தைப் பாராட்டியோர் இவ்வொப்புதலைத் துணிவெனக் கொண்டனர். எதிர்த்தோர் ஒப்புதல் என்பதையே கணக்கில் கொள்ளவில்லை.

முடிவுரை

கதைக்குள் தமிழர் முன்னிலையில் சொல்லப்படாத ஒப்புதல், கதைக்கு வெளியிலும் தமிழ்நாட்டுத் திரையரங்குகளைச் சென்றடையவில்லை. முன்னது படைத்தோர் செய்த பிழை. பின்னது தடுத்தோர் செய்த பிழை. பின்னதன் விளைவாக, இப்படத்தின் பொருளை வரையறுக்கும் உரிமை, அதனால் புண்பட்டோரிடமிருந்து நழுவி ஏனையோரிடம் சென்றது. கண்டனம் தன் கடமையைச் செய்திருக்கலாம்; ஆனால் எதிர்கால ஆய்வாளர் நாடுவது கண்டன முழக்கங்களை மட்டுமன்று. காட்சிகளைச் சுட்டி, வாதத்தை அடுக்கி, மறுக்க வேண்டியதை மறுத்து, ஏற்க வேண்டியதை ஏற்கும் தமிழ்த் திறனாய்வையே அவர் தேடுவார். வள்ளுவர் கேட்ட மூன்றாவது சொல்லைக் காலந்தாழ்த்தியேனும் வழங்குவது தமிழியல் ஆய்வுலகின் பொறுப்பாகும்.