அணிசேர்ந்த வாசகரும் ஆக்கப்பட்ட வாசகரும்: மலேசியத் தமிழ் இதழியல் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழ் இதழ்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொடங்கிய ஆண்டு, ஆசிரியர் பெயர், நின்ற ஆண்டு ஆகியவற்றை வரிசைப்படுத்துவதோடு நிறைவு கொள்கின்றனர். அவ்விதழ்கள் தம் வாசகரை எவ்வாறு பெற்றன, எவ்வாறு இழந்தன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. சமூகம் அரசியல் அணிகளாகப் பிளவுபட்டு நிற்கையில் இவ்வினா மேலும் முதன்மை பெறுகிறது. கைப்பேசித் திரையில் செய்தி படிக்கும் இக்காலத்தில், ஓர் அணியைச் சார்ந்து உரத்துப் பேசினால் வாசகர் விரைவில் திரள்வர் என்னும் எண்ணம் வலுப்பெற்றுள்ளது. அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை நம் நாட்டுத் தமிழ் இதழ்களின் பட்டறிவைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்கைப் பிளவு

தமிழரிடையே இத்தகைய பிளவு புதியதன்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கிய வேளையில் மலாயாத் தமிழர் இரு கூறாக நின்றனர். 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் அவ்வருகையை எதிர்த்தது. சீர்திருத்தக் கருத்துடையோர் வரவேற்றனர். அச்சீர்திருத்த அணியிலிருந்தே 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு தோன்றியது. இவ்விரு பெரும் இதழ்களுள் எதுவும் நடுநிலை வகித்ததாகக் கூற இயலாது. ஆகவே, சார்புநிலையே குறை என்று முடிவு கட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சார்போடு பிறந்த இதழ் தன் வாசகரை என்னவாகக் கருதியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆக்கப்பட்ட வாசகர்

1950களில் இவ்விரு இதழ்களும் ஆற்றிய பணி இங்குக் குறிப்பிடத்தக்கது. தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதையைப் படிப்போர் அதனை எழுதவும் பயிற்றப்பட்டனர். தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தின் வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. அம்மன்றம் பின்னர்த் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்து, ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் தாண்டி நாடளாவிய இயக்கமாயிற்று. முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் தமிழ் நேசன் செயற்படுத்திய பவுன் பரிசுத் திட்டமும், 1977இல் ஆதி. குமணன் தொடங்கிய வானம்பாடி வார இதழ் இளைஞரின் புதுக்கவிதைக்குத் தந்த இடமும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறைக்கும் இம்மரபில் பங்குண்டு. அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் எனச் சாரங்கபாணி முன்னின்று வாதிட்டார். தமிழ் நூலகத்திற்காகத் திரட்டப்பட்ட ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளர் உட்பட எளிய மக்கள் பொருள் வழங்கினர். அவர்கள் இதழை வாங்கியவர்கள் மட்டுமல்லர். அதன் வாதத்தில் பங்கேற்றவர்கள். வாசகரை ஆக்குதல் என்று யாம் கூறுவது இதனையே.

அணிசேர்ந்த வாசகர்

பிற்காலத்தில் நிலை மாறியது. ச. சாமிவேலு 1979 முதல் 2010 வரை ம.இ.கா.வின் தலைவராக விளங்கினார். தமிழ் நேசன் அவர்தம் குடும்பத்தோடு தொடர்புடைய இதழாகவும், ஆதி. குமணன் ஆசிரியராக இருந்த மலேசிய நண்பன் அத்தலைமையோடு முரண்பட்ட இதழாகவும் அறியப்பட்டன. கட்சியின் உட்பூசல் செய்தித்தாளின் முதற்பக்கமாயிற்று. 1929இன் பிளவு சாதி, சமயம், சீர்திருத்தம் பற்றியது; இப்பிளவோ பெரிதும் தலைவர் பற்றியது. கொள்கை வாதத்தில் வாசகர் தம் கருத்தைச் சொல்ல இடமுண்டு. தலைவர் பற்றிய வழக்கில் அவர் செய்யக்கூடியது கைதட்டுவதோ காறி உமிழ்வதோ மட்டுமே.

2007 நவம்பர் 25இல் இண்ட்ராப் பேரணி நடைபெற்றது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோல்வியுற்றார். பினாங்கில் மாநில ஆட்சியே மாறியது. 1999இல் தொடங்கிய மலேசியாகினி போன்ற இணையச் செய்தி ஊடகங்கள் அதற்குள் மாற்றுக் களமாகியிருந்தன. தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. விளம்பர வருவாய்க் குறைவு, அச்சுச் செலவு, இளையோர் கைப்பேசிக்கு மாறியமை ஆகிய அனைத்தும் அச்சிதழ்களை நலிவித்தன. ஆகவே அரசியற் சார்பு ஒன்றையே காரணமாக்குதல் நேர்மையன்று. ஆயினும், தலைவரின் பொருட்டு வந்த வாசகர் தலைவரின் செல்வாக்குக் குறையும்போது நில்லார் என்பது தெளிவு. அவர்கள் இதழின் வாசகர் அல்லர், அணியினரே.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கதை வகுப்பு நடத்திய நேசனும் நின்றுபோயிற்றே. வாசகரை ஆக்குவதால் விளைந்த பயன் யாது? இவ்வினா நியாயமானதே. ஆக்கப்பட்ட வாசகர் இதழுக்கு மட்டும் உரியவர் ஆகார். அவர் மொழிக்கு உரியவராகிறார். இதழ் மறைந்தபின்னும் மலேசியச் சிறுகதை எஞ்சி நிற்கிறது. மணிமன்றமும் எஞ்சி நிற்கிறது.

தோட்டத்து வாசிப்பு

வாசிக்கும் சூழலையும் இங்குக் கருத வேண்டும். பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில், நிபோங் திபாலை அடுத்துள்ள பைராம் தோட்டம் போன்ற தோட்டங்களில் தமிழ் மக்கள் லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். தோட்டப்புறங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்பது வழக்கமாயிருந்தது. கேட்போருள் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இருப்பர். ஒரே செய்தியை ஒரே வேளையில் கேட்டு, அங்கேயே வாதிட்டு, மறுநாள் ஒரே நிரையில் வேலைக்குச் செல்வர். இதழ் ஒருதலையாக எழுதினாலும் செவிகள் ஒருதலையாக அமையவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது அப்பொது வாசிப்பும் கலைந்தது. இன்று ஒவ்வொருவரும் தனித்தனித் திரையில், தமக்கு உவப்பான செய்தியையே பெறுகின்றனர். மறுத்துப் பேச அருகில் எவருமில்லை. ஆகவே, சார்பு இதழ்களின் பெருக்கத்தைக் காட்டிலும் எதிர்க்கருத்தாளர் உடனிருந்து கேட்கும் சூழல் அழிந்ததே பெரிய இழப்பு என்று கருதலாம்.

முடிவுரை

வாசகர் எண்ணிக்கையைப் பெருக்க விழைவோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. சினத்தைத் தூண்டித் திரட்டும் கூட்டம் விரைவில் வரும். அவ்வாறே விரைவில் கலையும். எழுதக் கற்பித்து, மறுப்புக்கும் இடமளித்துப் பெறும் வாசகர் மெல்ல வருவர், ஆயினும் நிலைப்பர். எதிர்த்தரப்பின் மறுப்புக் கடிதத்தை வெளியிட அஞ்சும் ஆசிரியர் தம் வாசகரை நம்பாதவர் ஆவார்.

இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பொறுப்புண்டு. தோட்டத்தில் கலைந்த பொது வாசிப்பை வகுப்பறையில் மீட்க இயலும். ஒரே நிகழ்வு குறித்த இரு வேறு செய்திகளை மாணவர்முன் வைத்து, உரக்க வாசிக்கச் செய்து, எதில் சான்று உள்ளது, எதில் வசை மட்டும் உள்ளது எனப் பிரித்தறியப் பழக்கலாம். பின்னர் அவர்களையே ஒரு மறுப்புக் கடிதம் எழுதச் செய்யலாம். தமிழ் இதழ்களுக்கு நாளை வாசகர் உண்டா என்னும் கவலைக்கு விடை, அத்தகைய மாணவர் இன்று எத்தனை பேர் உருவாகின்றனர் என்பதிலேயே அடங்கியுள்ளது.