ஒன்றரை ஷிப்டும் ஊசியும்

ஊசி போட்டு உடம்பை ஏற்றுகிற இளைஞனைப் பற்றி நம்மிடையே மூன்று வகைச் சொல்லாடல்கள் புழங்குகின்றன. பத்திரிகைக்கு அது 'மோகம்'. 2023இல் சென்னைக்கு அருகே போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இறந்தபோதும் அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. டாக்டருக்கு அது 'விழிப்புணர்வின்மை'. நம் தோழர்களுக்கு அது 'நுகர்வுக் கலாச்சாரச் சீரழிவு'. ஒன்றையொன்று எதிர்ப்பவை போலத் தோன்றினாலும் இம்மூன்றும் ஓரிடத்தில் கைகோக்கின்றன. மூன்றுமே அந்த இளைஞனை வேலை முடிந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குகின்றன. ஜிம்முக்குள் நுழைவதற்கு முன்பு பன்னிரண்டு மணி நேரம் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்ற கேள்வி அவற்றில் இல்லை. திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நான் எப்படி விடுவது?

1

'இன்னிக்கு ஒன்றரைங்க' என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு வேலையும் உடம்பின் ஒரு பகுதியைத் தனியே பிரித்தெடுத்துப் பழக்குகிறது. விரல், தோள், கண், நின்று நின்று வீங்கிய கால். ஒழுங்குக்குப் பழக்கப்பட்ட உடல் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதியதை மேற்கோள் காட்டிக் காட்டியே தேய்த்துவிட்டோம். அதை நேரில் பார்க்க எந்தப் பனியன் கம்பெனியின் ஜன்னலும் போதும்.

ஜிம்மிலும் உடம்பு பகுதி பகுதியாகத்தான் கையாளப்படுகிறது. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு. அங்கேயும் எண்ணிக்கைதான்: பத்து ரெப், நான்கு செட். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கம்பெனியில் எண்ணியது டஜன் கணக்கில் பெட்டி கட்டிப் போய்விடும். ஜிம்மில் எண்ணியது உடம்பிலேயே தங்கும். செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: 'அங்க பண்றதெல்லாம் லாரி ஏறிப் போயிருதுங்ணா. இங்க பண்றது எங்கிட்டயே நிக்குது.' இதை நுகர்வு மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தன் உழைப்பின் பலனைத் தன் கண்ணால் கண்ணாடியில் பார்க்கிற ஆசை இது. மார்க்ஸ் படித்தவர்களுக்கு இந்த ஆசை அந்நியமானதாக இருக்க முடியாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது அது சிதைகிறது. வளர்வது ஓய்வில்: தூக்கத்தில், முட்டையிலும் கறியிலும், நாள்கணக்கான இடைவெளியில். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவனிடம் இல்லாதது இந்த மூன்றும்தான். டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கை உறவினர்களான நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால், மெத்தாண்டியனோன் போன்றவையும் என்ன செய்கின்றன? தசைச் செல்லில் புரத உற்பத்தியைக் கூட்டி, தேறுவதற்கான நேரத்தைக் குறுக்குகின்றன. ஆக, அவன் காசு கொடுத்து வாங்குவது தசை மட்டுமல்ல. தனக்கு மறுக்கப்பட்ட ஓய்வையும் சேர்த்தே குப்பியில் வாங்குகிறான். என் வாதத்தின் மையம் இதுதான்.

2

இதைப் பார்க்கவிடாமல் தடுப்பது 'உழைப்பு' என்கிற கதையாடல். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' திருப்பூர் முதலாளிகளைப் பற்றிய முக்கியமான ஆய்வு. தோட்டத்திலிருந்து வந்து, தொழிலாளியாக நின்று, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாகச் சொல்வது ஒரே சொல், உழைப்பு. சாதித் தொடர்பு, நிலம், கடன் வசதி, கீழே நின்றவர்களின் கூலி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோவதை அவர் காட்டினார். ஜிம் சுவரில் ஆஞ்சநேயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அர்னால்டு படமும் இதே கதையைத்தான் சொல்கிறது: 'கஷ்டப்பட்டா வரும் தம்பி.' அர்னால்டே ஸ்டீராய்டு எடுத்ததாக ஒத்துக்கொண்டவர் என்பது சுவரில் எழுதப்படுவதில்லை.

1996இல் ஷலேந்தர் பாசினும் சகாக்களும் அமெரிக்காவில் செய்த சோதனை இந்தக் கதையாடலைக் கட்டுடைக்கிறது. 43 ஆண்கள், பத்து வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அல்லது வெறும் போலி ஊசி. போலி ஊசியோடு உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சுமார் 2 கிலோ கூடியது. உடற்பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவன் வியர்வை சிந்தியவனை முந்தினான்! மேடையில் நிற்கும் உடம்பைக் காட்டி 'இது உழைப்பு' என்று சொல்லும்போது எவ்வளவு பெரிய மௌனம் அதற்குள் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் பின்னால் வருகிற பையன், தனக்கு ஏறவில்லை என்றால் தான் போதுமான அளவு கஷ்டப்படவில்லை என்று நினைக்கிறான்.

தமிழ் சினிமாவும் இந்த மௌனத்துக்குக் காவல் நிற்கிறது. ஷங்கரின் 'ஐ' (2015) பாடிபில்டரை நாயகனாக்கிய பெரும் படம். லிங்கேசனின் தசை உழைப்பால் வந்த தூய தசை. ஊசி வருவது பின்னால், எதிரிகளின் சதியாக. உடம்பு அழிவதும் அந்த ஊசியால். வளர்க்கும் ஊசி, அழிக்கும் ஊசி என்று இரண்டு கிடையாது, இரண்டும் ஒரே ஊசிதான் என்கிற உண்மையைப் படம் நல்லவன்/கெட்டவன் எதிர்வாகப் பிரித்து வைத்துவிடுகிறது. நிஜத்தில் ஊசியை நீட்டுவது வில்லன் அல்ல. மாஸ்டர், கூடப் பழகும் நண்பன், சில சமயம் அவனே.

3

உடம்புக்குள் நடப்பதைத் திருப்பூர் மொழியிலேயே சொல்லலாம். வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துச் சரக்கு வர ஆரம்பித்ததும் முதலாளி சொந்த யூனிட்டை மூடிவிடுகிறார் அல்லவா, அதேதான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைகளுக்கு ஆர்டர் அனுப்புவதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தியதும் யூனிட் உடனே திறப்பதில்லை. மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். அந்த இடைவெளியில் வரும் மனச்சோர்வுதான் பலரை மறுபடி 'சைக்கிள்' போட வைக்கிறது. மிகுதியான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் ஆணுக்கு மார்பு வளர்கிறது. ஆண்மையைத் திரட்ட வந்தவன் இரண்டு பனியன் போட்டு மார்பை மறைக்க வேண்டியதாகிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெட்கத்தால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் இதன் விளைவு.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் மோசம். நல்ல கொலஸ்ட்ரால் சரிகிறது, ரத்தம் கெட்டியாகிறது, இதயச் சுவர் தடிக்கிறது. மாத்திரை வடிவங்கள் கல்லீரலைத் தாக்குகின்றன. சிறுநீரகமும் தப்புவதில்லை. ஒரே ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் பரவும். பதின்வயதில் தொடங்கினால் எலும்பு முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுவிடும். டென்மார்க்கில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சோதனையில் சிக்கிய 545 ஆண்களிடையே இறப்பு விகிதம் ஒத்த வயதினரைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது.

ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டுச் சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை, ஏற்றுமதிக் கணக்கில் நொய்யல் ஒரு செலவாக எழுதப்படவே இல்லை. ஊசி போட்ட உடம்பிலும் செலவு கீழ்நோக்கித்தான் தள்ளப்படுகிறது, அவனுடைய நாற்பது வயதுக்கு.

4

'முதலாளி வீட்டுப் பையனும் ஊசி போடறானே, போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறவனும் போடறானே, இதுல ஷிப்ட் எங்க வந்துச்சு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா ஊசிக்கும் காரணம் கம்பெனிதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாளி வீட்டுப் பையனுக்கு ஊசியோடு ரத்தப் பரிசோதனையும் சாப்பாடும் தூக்கமும் இருக்கின்றன. இவனுக்கு ஊசி மட்டும்தான்.

ஆண்களை விட்டு அந்தப் பக்கம் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தியை வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் பெயர் ஒட்டாத மாத்திரை வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டது என்றார்கள். உட்கார வைப்பதற்குப் பதில் மாத்திரை. ஆணுக்கு ஊசி அவன் விருப்பம் போலத் தெரிகிறது, பெண்ணுக்கு மாத்திரை மேற்பார்வையாளர் கையிலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. இருந்தாலும் உடம்பு ஓய்வு கேட்கும் இடத்தில் மருந்தை வைப்பது என்கிற இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சட்டம் இதைப் பார்ப்பதில்லை. 2022இன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் விளையாட்டு வீரருக்கானது. எந்தப் போட்டிக்கும் போகாத ஜிம் பையன் அதற்கு வெளியே நிற்கிறான். இவை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். விதி இருக்கிறது, சரக்கும் கிடைக்கிறது. அவ்வப்போது யாரையாவது பிடிப்பார்கள், படம் வரும், அடங்கிவிடும்.

எழுதுகிறவர்களிடமும் சங்கத்தில் இருக்கிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தப் பையன்களைச் சீரழிந்தவர்கள் என்று எழுதுவதை நிறுத்துவோம். எட்டு மணி நேர வேலையைக் கேட்கும் துண்டறிக்கையில் தூக்கம், தசை, மாதவிலக்கு என்ற சொற்களும் இடம்பெறட்டும். ஊசி போட்டவன் போலீசுக்கும் கேலிக்கும் பயப்படாமல் அரசு ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லி ரத்தம் பார்த்துக்கொள்ளவும், டாக்டர் துணையோடு நிறுத்தவும் வழி வேண்டும். ஜிம் வாசலில் நின்று பேசச் சங்கத்துக்காரருக்குக் கூச்சம் வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு மேல் அங்கே வருகிறவர்கள் நம் ஆட்கள்தான்.