முடிச்சு போடத் தெரிந்தவர்கள்

தமிழில் நல்ல மர்மப் படம் எது என்று கேட்டால் பேச்சு 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில்தான் போய் நிற்கும். எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த அந்தப் படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. எழுபது ஆண்டுகளாக இதையே சொல்லிப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். இல்லாததைச் சொல்லி ஒரு படத்தைப் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. பாட்டில்லாத மோசமான படங்களும் எத்தனையோ வந்துவிட்டன. ‘அந்த நாள்’ செய்த காரியம் அதன் சாட்சிகளிடம் இருக்கிறது. 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்தில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைக் கைகாட்டுகிறார். தம்பியோ தன் மனைவியையே கைகாட்டுகிறான். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வேறொரு கை துப்பாக்கியை நீட்டுகிறது. திரையில் தெரிவது நடந்த சம்பவமல்ல, ஒருவர் வாயால் சொன்ன சந்தேகம் என்பது நமக்கு முன்பே தெரியும். இதுதான் நேர்மை. ஹிட்ச்காக்கே 1950இல் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் பொய்யான நினைவுக் காட்சியொன்றை மெய்போலக் காட்டிவிட்டு, பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்.

குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைப் பார்த்தவர்கள் ‘அந்த நாள்’மேல் ஒரு குறை சொல்வார்கள். குரோசாவா உண்மையைக் கடைசிவரை நிச்சயமாக்கவில்லை. பாலச்சந்தரோ ஜாவர் சீதாராமனை சி.ஐ.டி. அதிகாரியாக அனுப்பிக் கொலைக்கு விடை கண்டுபிடித்துவிடுகிறார், அது கோழைத்தனம் என்பது அவர்கள் கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்ற கணவன். குண்டு பாய்ந்ததோ பண்டரிபாய் நடித்த மனைவியின் கைத் துப்பாக்கியிலிருந்து. யார் என்ற கேள்வி தீர்ந்த அந்த நொடியில், அவள் செய்தது சரியா என்ற கேள்வி கிளம்புகிறது. விடையே புது முடிச்சாகிவிடுகிறது. நம் மர்மக் கதைகளை நான் உரசிப் பார்க்கும் கல் இதுதான். முடிச்சு போடுவதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்களல்ல. அவிழ்க்கும்போதுதான் பார்ப்பவர்மேல் அவநம்பிக்கை வந்து, யாராவது ஒருவர் நின்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

1964இல் வந்த ‘புதிய பறவை’யை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவள் திரும்பி வந்து நிற்கிறாள் என்பது அபாரமான முடிச்சு. அவிழும்போது தெரிவது, ஒரு வாக்குமூலத்துக்காகப் போலீஸார் ஆள்மாறாட்டமும் காதலும் சேர்த்து நடத்திய பெரிய நாடகம். எந்தக் காவல் துறைக்கு இவ்வளவு அவகாசம் என்று கேட்கத் தோன்ற வேண்டும், தோன்றுவதில்லை. சிவாஜி கணேசன் உடைந்து அழும்போது தர்க்கம் காணாமல் போகிறது. நடிப்பு கதையைக் காப்பாற்றிய இடம் அது. பின்னால் வந்தவர்கள் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். அழுவதற்கு சிவாஜி அவர்களிடம் இல்லை.

விளக்கிச் சொன்னால் என்ன தவறு என்று கேட்கலாம். அதில் நியாயமும் உண்டு. தொண்ணூறுகளில் ‘மர்மதேசம்’ தொடர் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறைதான் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட் விழுந்தவருக்குப் போன பகுதி போனதுதான். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூருக்கு ராத்திரி மின்சார ரயிலில் திரும்புகிறவருக்கும் அதே கதி. மறுநாள் பார்த்தவர் யாராவது கதை சொன்னால் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முன்கதைச் சுருக்கம் போடுவது மரியாதை. ஆனால் தவறவிட்டதை நினைவூட்டுவது வேறு, காட்டியிருக்க வேண்டியதை ஒளித்துவைத்துவிட்டுக் கடைசியில் வாயால் சொல்வது வேறு. முதலாவது ஷிப்ட் ஆளுக்குச் செய்யும் உதவி; இரண்டாவதில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவரும் ஏமாறுகிறார்.

‘மர்மதேசம்’ வரிசையில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ பெரும்பாலும் அந்தத் தவறைச் செய்யவில்லை. குதிரையேறி வரும் கருப்பை ஊரும் பார்க்கிறது, நாமும் பார்க்கிறோம். மனநோய் என்று மருத்துவம் ஒரு விளக்கம் தருகிறது. சாமிக்கும் ஓரமாக ஒரு வழி விட்டுவைக்கிறார்கள். பகுத்தறிவாளர்களுக்கு இது இரண்டு படகில் கால் வைப்பதாகத் தெரியலாம். கிராமத்தில் ஒரே ஆள் காலையில் ஆஸ்பத்திரிக்கும் சாயங்காலம் கோடாங்கியிடமும் போகிறார் என்பதை அறிந்தவர்களுக்கு அது ஏமாற்றாகப் படாது. அதன் பலவீனம் நீளத்தில் இருக்கிறது. பயமுறுத்திய அதே குதிரை, பல வாரம் ஓடியபின் பழகிப்போகிறது.

இப்போது ஓடிடியில் ஷிப்ட் சாக்கும் இல்லை. வேண்டிய நேரத்தில் பார்க்கலாம், பின்னால் தள்ளியும் பார்க்கலாம். அப்படியும் விளக்கிச் சொல்லும் பழக்கம் விடவில்லை. புஷ்கர்–காயத்ரி எழுதி 2022இல் வந்த ‘சுழல்’ ஒரு சிமெண்ட் ஆலையில் தொடங்குகிறது. வேலைநிறுத்தம், தீ விபத்து, தொழிற்சங்கத் தலைவராகப் பார்த்திபன், அதே நேரத்தில் காணாமல் போகும் அவர் மகள். தொழிற்பேட்டைப் பகுதியில் வாழ்கிறவருக்கு இதைவிட நெருக்கமான தொடக்கம் கிடைக்காது. மயானக் கொள்ளைத் திருவிழா பகுதிக்குப் பகுதி கதையோடு சேர்ந்தே சூடேறுகிறது. அது அலங்காரமாக நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்த கொடுமை வெளிவரும்போது, தெரிந்தும் பேசாமலிருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்த அளவில் ‘அந்த நாள்’ வழிதான். ஆனால் அந்த உண்மைக்கு வழிவிடுவதற்காக ஆலை மெல்ல மெல்லப் பின்னணித் திரையாகிவிடுகிறது. கூலிக்காக வாசலில் நின்ற கூட்டம் முதல் பகுதியில் முகங்களாக இருந்தது. கடைசிப் பகுதிக்கு வரும்போது அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அந்தத் தொடரில் ஒரு போலீஸ்காரரும் மிச்சமில்லை.